கழிமுகத்தில் மீன்பிடிக்கக் காற்றின் திசையைப் படிப்பது எப்படி?

கழிமுகத்தில் தூண்டில் போடத் தொடங்குபவர்கள் கடல்நீர் ஏறி வடியும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்க்க விரைவிலேயே பழகிவிடுகிறார்கள். காற்றைப் பொறுத்தவரை, படகு ஆடுமா, வீச்சு தூரம் போகுமா என்று பார்ப்பதோடு பெரும்பாலோர் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் ஆறும் கடலும் கலக்கும் அந்த ஆழமற்ற நீர்ப்பரப்பில் நீர் எந்தக் கரையில் உயர்கிறது, எந்த இடத்தில் கலங்குகிறது, உப்பு எவ்வளவு தூரம் உள்ளே ஏறுகிறது, இறாலும் மீன்குஞ்சுகளும் எந்தப் பக்கம் ஒதுங்குகின்றன என்பவற்றை ஓதத்துக்கு அடுத்தபடியாகத் தீர்மானிப்பது காற்றுதான்.

இன்ன திசைக் காற்றில் மீன் கடிக்கும், இன்ன திசைக் காற்றில் கடிக்காது என்ற விதிகள் பல நாடுகளின் கரையோரங்களிலும் வழங்குகின்றன. அவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கரையில், ஏதோ ஒரு பருவத்தில் உண்மையாக இருந்தவை. வேறு திசை பார்த்த கழிமுகத்துக்கு அவற்றை அப்படியே கொண்டுசென்றால் பயன் தராது. கழிமுகம் எந்தத் திசையில் கடலைச் சந்திக்கிறது, ஓதம் ஏறுகிறதா வடிகிறதா, அந்தக் காற்று எத்தனை மணி நேரமாக வீசிக்கொண்டிருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு காற்றுத் திசைக்குப் பொருள் கிடைக்கும். ஆகவே காற்றைப் பார்ப்பதற்கு முன்பே செய்துமுடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

முதல் படி: உங்கள் கழிமுகத்தை வரைந்துகொள்ளுங்கள்

செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, நீங்கள் மீன்பிடிக்கப் போகும் கழிமுகத்தின் வெளிக்கோட்டை ஒரு தாளில் வரையுங்கள். வடக்கைக் குறித்துக்கொண்டு, முகத்துவாரத்திலிருந்து ஆற்றின் மேற்பகுதி வரை நடுவாக ஒரு நீள்கோடு இழுங்கள். அந்தக் கோட்டின் திசைதான் கழிமுகத்தின் அச்சு. இனி எந்தக் காற்றையும் அந்த அச்சோடு ஒப்பிட்டு, கடலிலிருந்து உள்ளே வீசும் காற்று, ஆற்றுப் பக்கமிருந்து வெளியே வீசும் காற்று, குறுக்காக வீசும் காற்று என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

காற்று தடையின்றி நீர்மேல் ஓடும் நீளமே அலையின் உயரத்தைப் பெரிதும் நிர்ணயிக்கிறது என்பதால் இந்தப் பிரிவு மிகவும் உதவும். 1 கிலோமீட்டர் அகலமும் 10 கிலோமீட்டர் நீளமும் உள்ள ஒரு கழிமுகத்தில், குறுக்கே வீசும் காற்று சிற்றலையோடு நின்றுவிடும். அதே வேகத்தில் அச்சின் வழியே வீசும் காற்று, கடைக்கோடியில் சிறு படகை அலைக்கழிக்கும் அளவுக்கு அலையை வளர்த்துவிடும். வரைபடத்தில் சேற்றுத்திட்டுகள், மணல்திட்டுகள், ஆழமான ஓடை, அலையாத்தி மரங்கள் அடர்ந்த கரை, கற்சுவர், பாலத்தூண்கள் ஆகியவற்றையும் குறியுங்கள். வற்று ஓதம் அடிமட்டத்தைத் தொடும் நேரத்தில் ஒருமுறை கரையோரம் நடந்து பார்த்தால், செயற்கைக்கோள் படத்தில் தெரியாத பள்ளங்களும் சிற்றோடைகளும் கண்ணில் படும். தூண்டிலை எடுத்துச்செல்லாமல் அதற்கென்றே ஒரு நாளை ஒதுக்குவது நல்லது.

இரண்டாம் படி: காற்றைச் சரியாகச் சொல்லப் பழகுங்கள்

காற்றுக்கு அது புறப்பட்டு வரும் திசையின் பெயரையும், நீரோட்டத்துக்கு அது போய்ச்சேரும் திசையின் பெயரையும் வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். வடக்குக் காற்று என்றால் வடக்கிலிருந்து வருவது. வடக்கு நீரோட்டம் என்றால் வடக்கு நோக்கிப் போவது. புதியவர்கள் இதை எளிதில் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். வானிலைச் செயலிகளில் வரும் அம்புக்குறிகள் பெரும்பாலும் காற்று போகும் பக்கத்தைக் காட்டுகின்றன. ஆனாலும் நீங்கள் பயன்படுத்தும் செயலியில் அது எப்படி இருக்கிறது என்பதை ஒருமுறை கரையில் நின்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வேகத்தை நாட் (knot) என்ற அலகில் சொல்வது கடல்சார்ந்தவர்களின் வழக்கம். 1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். கருவி இல்லாதபோது, பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் 1805இல் வகுத்த அளவுகோல் இன்றும் கைகொடுக்கும். இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசைந்து, மெல்லிய கொடி விரிந்து பறந்தால் அது 3ஆம் எண், அதாவது மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். புழுதி எழுந்து, சிறு கிளைகள் ஆடினால் 4ஆம் எண், 20 முதல் 28 கிலோமீட்டர். இலையடர்ந்த சிறு மரங்களே ஆடத் தொடங்கினால் 5ஆம் எண், 29 முதல் 38 கிலோமீட்டர். அந்த அளவுகோலில் அலைகளைப் பற்றிய விவரிப்பு திறந்த கடலுக்கானது. கழிமுகத்தில் காற்று ஓடும் நீளம் குறைவாக இருப்பதால் அலை சிறிதாகவே தெரியும். ஆகையால் கழிமுகத்தில் அலையைவிட மரத்தையும் கொடியையும் பார்த்து வேகத்தைக் கணிப்பதே சரி.

இன்னொன்றும் உண்டு. வானிலை அறிக்கை தருவது பொதுவாக 10 மீட்டர் உயரத்தில், திறந்த வெளியில் வீசும் காற்று. உயர்ந்த கரைகளுக்கும் மரக்கூட்டங்களுக்கும் இடையே நுழையும் காற்று கழிமுகத்தின் அச்சை ஒட்டித் திரும்பிவிடும். எனவே அறிக்கையில் உள்ள திசையும் உங்கள் முகத்தில் படும் திசையும் வேறாக இருக்கலாம். போய்ச் சேர்ந்ததும் சிற்றலைகள் எந்தப் பக்கமாக ஓடுகின்றன என்று பார்த்து, தாளில் அம்புக்குறி இட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: நீர்மட்டம் எவ்வளவு மாறும் என்று ஊகியுங்கள்

ஓத அட்டவணை, சந்திரனும் சூரியனும் இழுப்பதால் வரும் மாற்றத்தைச் சராசரி வானிலையில் வைத்துக் கணக்கிட்டுச் சொல்கிறது. அன்றைய காற்று அதில் இல்லை. கடலிலிருந்து உள்ளே வீசும் காற்று நீரைக் கழிமுகத்துக்குள் தள்ளிக் குவிப்பதால், உயர் ஓதம் அட்டவணையைவிட உயரும், வடிவது தாமதமாகும், அடிமட்டத்தில் வெளிப்பட வேண்டிய சேற்றுத்திட்டு நீருக்கடியிலேயே இருந்துவிடவும் கூடும். ஆற்றுப் பக்கமிருந்து வெளியே வீசும் காற்றில் இவையெல்லாம் தலைகீழாக நடக்கும். நீர் விரைவாக வடியும், திட்டுகள் வழக்கத்தைவிட அதிகமாக வெளிப்படும், வழக்கமாகப் படகு போகும் சிற்றோடையில் தரை தட்டும்.

இந்த விளைவின் அளவை மூன்று காரணிகள் கூட்டுகின்றன: காற்றின் வேகம், அது நீர்மேல் ஓடும் நீளம், நீரின் ஆழமின்மை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது நீர்மேல் செலுத்தும் இழுவிசை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. நீர் எவ்வளவு ஆழம் குறைந்ததோ அவ்வளவு அதிகமாக அது ஒரு பக்கம் குவியும். அர்ஜென்டினாவுக்கும் உருகுவேக்கும் இடையில் அகன்று கிடக்கும் ஆழமற்ற ரியோ டி லா பிளாட்டா கழிமுகத்தில், சுடெஸ்டாடா எனப்படும் தென்கிழக்குக் காற்று தொடர்ந்து வீசும்போது நீர் உள்நோக்கிக் குவிந்து பியூனஸ் அயர்ஸின் தாழ்ந்த பகுதிகளில் வெள்ளமே வந்துவிடுகிறது. சிறிய கழிமுகத்தில் அந்த அளவு நடக்காது என்றாலும், ஒரு சாண் அளவு வேறுபாடுகூட மீன் திட்டின்மேல் ஏறி மேயுமா, ஓடையிலேயே நிற்குமா என்பதை மாற்றிவிடும். காற்றழுத்தமும் இதில் சேரும். அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும்.

நீண்ட நேரம் உள்நோக்கி வீசிய காற்று சட்டென்று ஓயும்போது, குவிந்திருந்த நீர் திரும்பி வழியத் தொடங்கும். அட்டவணையில் எங்கும் இல்லாத அந்த ஓட்டம் குறுகலான ஓடைவாய்களில் வலுவாகத் தெரியும். உள்ளே தங்கியிருந்த இறாலும் குஞ்சுமீன்களும் அதனோடு வெளிவரும். ஓடைவாயின் ஓரத்தில் கொடுவா போன்ற வேட்டைமீன்கள் அவற்றுக்காகக் காத்திருக்கும். காற்று ஓய்ந்த மாலைப் பொழுதைப் பலர் வீடு திரும்பும் நேரமாகக் கொள்கிறார்கள். அப்போதுதான் ஓடைவாய்க்குப் போக வேண்டும் என்பது என் கருத்து.

நான்காம் படி: எந்தக் கரை என்று தீர்மானியுங்கள்

காற்று வந்து மோதும் கரையை மோதுகரை என்றும், காற்று மறைந்து நீர் அமைதியாக இருக்கும் கரையை ஒதுக்குக்கரை என்றும் இங்கே வைத்துக்கொள்வோம். புதிதாக வருபவர் இயல்பாகவே ஒதுக்குக்கரையைத் தேர்ந்தெடுப்பார். நிற்க வசதி, வீச வசதி, நீரும் தெளிவு. மீன் அதே காரணங்களுக்காக அங்கே இருப்பதில்லை.

காற்றினால் மேல்நீர் நகரும் வேகம் காற்றின் வேகத்தில் சுமார் 3 விழுக்காடு. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்று, மேல்நீரை மணிக்கு 600 மீட்டர் அளவு நகர்த்தும். இது மெல்லிய ஓட்டம்தான். ஆனால் சில மணி நேரத்தில் மிதவை உயிரிகளையும், உதிர்ந்த இலைகளையும், அவற்றை நம்பி வாழும் சிறுமீன்களையும் மோதுகரைப் பக்கம் சேர்த்துவிட அதுவே போதும். மோதுகரையில் உடையும் சிற்றலை சேற்றையும் மணலையும் கிளறிப் புழுக்களையும் இறால்களையும் வெளிக்கொணர்கிறது. மடவையும் கிழங்கானும் அங்கே மேய வருகின்றன; அவற்றைத் தேடிப் பெரிய மீன்கள் வருகின்றன. அலையாடும் நீர்ப்பரப்பு வெளிச்சத்தைச் சிதறடிப்பதால், கரையில் நிற்பவரின் உருவமும் அசைவும் மீனுக்குச் சரியாகத் தெரிவதில்லை. கண்ணாடி போன்ற நீரில் 10 மீட்டருக்கு அப்பால் நிற்கும் மீன், மோதுகரையில் காலடிக்கு அருகிலேயே வந்து மேயும். ஆகவே அங்கே நெடுந்தூரம் வீச வேண்டும் என்ற கவலை பெரும்பாலும் தேவையில்லை. எதிர்க்காற்றில் குறைவான தூரமே வீச முடிகிறது என்றாலும், மீன் இருப்பதும் அந்தக் குறைந்த தூரத்தில்தான்.

எனினும் மோதுகரை எப்போதும் சிறந்தது என்று கொள்ளக் கூடாது. கலங்கலுக்கு ஓர் எல்லை உண்டு. முழங்கால் ஆழத்தில் நின்று உங்கள் பாதம் மங்கலாகத் தெரிந்தால் அது நல்ல கலங்கல்; முழங்காலுக்குக் கீழே எதுவுமே தெரியவில்லை என்றால் பார்வையால் வேட்டையாடும் பாறை மீனும் கொடுவாவும் அங்கே சிரமப்படும். அப்போது மோப்பத்தால் இரைதேடும் கெளுத்திக்கும் நண்டுக்கும்தான் அந்த நீர் ஏற்றது. பொய்யிரையை வைத்துவிட்டு, மணம் மிகுந்த இறால் துண்டையோ மீன்துண்டையோ முள்ளில் கோத்து அடியில் கிடத்துங்கள். அல்லது கலங்கல் நீரும் தெளிந்த நீரும் தொடும் நிறக்கோட்டைத் தேடிச் செல்லுங்கள்.

அந்த நிறக்கோடு கழிமுகத்தில் மிகவும் பயனுள்ள இடங்களில் ஒன்று. கலங்கலுக்குள் மறைந்திருக்கும் வேட்டைமீன், தெளிந்த பக்கத்தில் திரியும் சிறுமீனை நோக்கிப் பாய்கிறது. உங்கள் இரை கலங்கலிலிருந்து தெளிவுக்குள் வருவதைவிட, கோட்டை ஒட்டியே நீளவாக்கில் நகரும்படி வீசினால் அது அதிக நேரம் மீனின் கண்ணில் இருக்கும். கோடு எங்கே விழும் என்பதைக் காற்றிலிருந்தே முன்கூட்டி ஊகிக்கலாம். மோதுகரையின் ஆழமற்ற திட்டு முடிந்து ஆழமான ஓடை தொடங்கும் விளிம்பிலும், கரை வளைந்து காற்றுக்கு மறைவு கிடைக்கும் முனைகளிலும் அது உருவாகும். அத்தகைய முனைகளில் ஒரு பக்கம் அலையும் மறுபக்கம் அமைதியும் இருப்பதால், புதியவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அவற்றைத்தான்.

அடித்தளம் மணலா சேறா என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மணல் கனமானது, காற்று ஓய்ந்த சில நிமிடங்களில் அது படிந்துவிடும். நுண்ணிய களிமண் துகள்கள் படிவதற்கு மணிக்கணக்கிலும், சில வேளை நாள்கணக்கிலும் ஆகும். ஆகையால் சேற்றுக் கழிமுகத்தில் இன்றைய நீரின் நிறத்தைத் தீர்மானிப்பது நேற்றைய காற்று. கிளம்பும் முன் முந்தைய இரண்டு நாள் காற்றையும் பார்க்கும் பழக்கம் இதற்காகத்தான் வேண்டும்.

ஒதுக்குக்கரைக்கும் அதற்குரிய நேரம் உண்டு. காற்று 5ஆம் எண்ணைத் தாண்டும்போதும், நீர் முழுவதும் சேறாகிவிட்டபோதும் மீன்கள் அமைதியான பக்கத்துக்கு ஒதுங்கும். மரவரிசையின் மறைவு, மரத்தின் உயரத்தைப் போல் சுமார் 10 மடங்குத் தொலைவு வரை நன்றாக உணரப்படும். 6 மீட்டர் உயர அலையாத்தி மரங்கள் என்றால் 60 மீட்டர் வரை நீர் ஓரளவு அடங்கியிருக்கும். அந்த அமைதியும் காற்றலையும் சந்திக்கும் வெளிவிளிம்பில்தான் மீன் நிற்கும். கரையோரத்தில் நின்று மரத்தடியில் மட்டுமே இரை போட்டுக்கொண்டிருந்தால் அந்த விளிம்பு கைக்கு எட்டாமல் போய்விடும்.

காற்று மிதமாகவும் ஒரே சீராகவும் வீசும்போது, நீர்மேல் நுரையும் சருகும் காற்றின் திசைக்கு இணையாக நீண்ட கோடுகளாக ஒழுங்குபட்டு நிற்பதைக் காணலாம். அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் 1927இல் அட்லாண்டிக் கடலைக் கப்பலில் கடந்தபோது கடற்பாசிகள் இப்படி வரிசையாகக் கிடந்ததைக் கவனித்து, பின்னர் சோதனைகள் செய்து, 1938இல் அதன் காரணத்தை விளக்கினார். காற்றும் அலையும் சேர்ந்து மேல்நீரைச் சுருள் சுருளாகச் சுழலவைக்கின்றன. இரண்டு சுருள்கள் சந்தித்துக் கீழிறங்கும் இடத்தில் மிதப்பவை எல்லாம் சேர்ந்துவிடுகின்றன. மிதவை உயிரி சேரும் இடம் சிறுமீன் சேரும் இடமும் ஆகும். கழிமுகத்தின் அகன்ற பகுதியில் இத்தகைய நுரைக்கோடு தெரிந்தால், அதன் குறுக்கே வீசாமல் அதன் நெடுகிலும் இரையை இழுத்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: காற்றையும் ஓதத்தையும் சேர்த்துப் படியுங்கள்

ஓதத்தின் திசையிலேயே காற்றும் வீசினால் நீர்ப்பரப்பு மென்மையாகவும் ஓட்டம் வேகமாகவும் இருக்கும். இரையை அடியில் நிறுத்த அதிக எடையுள்ள ஈயம் தேவைப்படும். ஓதத்துக்கு எதிராகக் காற்று வீசினால், அலைகள் குறுகி, செங்குத்தாகி, உடையும். கரையிலிருந்து பிடிப்பவருக்கு இது பல நேரங்களில் நல்வாய்ப்பு: மேல்நீரைக் காற்று தடுத்து நிறுத்த, அடியில் ஓதம் தன் வழியே ஓட, இரைகள் ஓரிடத்தில் நீண்ட நேரம் தங்கிவிடுகின்றன. படகில் இருப்பவருக்கோ இது ஆபத்தான நேரம். அதை எட்டாம் படியில் விளக்குகிறேன்.

வெப்பமான கரையோரங்களில் ஒரே நாளில் இரண்டு காற்றுகள் வருகின்றன. நிலம் கடலைவிட விரைவில் சூடாவதால் முற்பகலுக்குப் பிறகு கடற்காற்று எழுந்து, பிற்பகலில் உச்சத்தை அடைந்து, சூரியன் மறைந்தபின் தளர்கிறது. இரவில் நிலம் விரைவில் குளிர்வதால், விடியல் வரை மெல்லிய நிலக்காற்று வெளியே வீசுகிறது. இந்தக் காற்றுகளுக்கு நாள்தோறும் ஏறத்தாழ ஒரே நேரம். ஓதமோ நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. அதனால் ஏறும் ஓதமும் கடற்காற்றும் ஒன்றாகச் சேரும் நாள்கள் சிலவும், வடியும் ஓதத்தைக் கடற்காற்று எதிர்க்கும் நாள்கள் சிலவும் மாறி மாறி வருகின்றன. நாளுக்கு இருமுறை ஓதம் ஏறும் கரைகளில், சுமார் 15 நாளில் இந்தச் சுற்று மீண்டும் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடும். ஓத அட்டவணையில் பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரையுள்ள பகுதியை வண்ணமிட்டு, அந்நேரத்தில் ஓதம் ஏறும் நாள்களைத் தனியே குறித்து வைத்தால், திட்டுகளின்மேல் மீன் ஏறி மேயும் மாலைகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

ஆறாம் படி: அடிநீரை மறக்காதீர்கள்

ஆற்றிலிருந்து வரும் நன்னீர் இலேசானது. அது மேலே வெளிநோக்கி ஓட, கடலின் உவர்நீர் அடியில் உள்நோக்கி நுழைகிறது. உள்நோக்கி வீசும் காற்று மேல்நீரின் வெளியோட்டத்தைத் தடுத்து இரண்டு அடுக்குகளையும் கலக்கிவிடுகிறது. வெளிநோக்கி வீசும் மிதமான காற்று, நன்னீரை உவர்நீரின்மேல் இன்னும் இழுத்து விரித்து அடுக்குகளைப் பிரித்தே வைக்கிறது. மிகவும் பலத்த காற்று எத்திசையில் வந்தாலும் கலக்கிவிடும். மழைக்குப் பின் மேல்நீர் நன்னீராக இருக்கும்போது கடல்மீன் வேண்டுபவர் இரையை அடியில் வைக்க வேண்டும் என்பதும், உள்நோக்கிய காற்று இரண்டு நாள் வீசியபின் வழக்கத்தைவிட மேற்பகுதியிலும் கடல்மீன் கிடைக்கலாம் என்பதும் இதிலிருந்து பெறப்படுபவை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள மொபைல் விரிகுடாவில் இந்த அடுக்குகளின் விளையாட்டை மிகத் தெளிவாகக் காணலாம். கோடை இரவுகளில் அங்கே அடிநீரில் உயிர்வளி குறைந்துவிடும். மெல்லிய கிழக்குக் காற்று மேல்நீரைக் கிழக்குக் கரையிலிருந்து அப்பால் தள்ளும்போது, ஏறும் ஓதத்தோடு அந்த அடிநீர் கிழக்குக் கரையை நோக்கி எழுகிறது. அதற்கு முன்னால் ஓடிவரும் தட்டைமீன்களும் நண்டுகளும் இறால்களும் விடியலுக்கு முன் கணுக்கால் அளவு நீரில் வந்து குவிகின்றன. அவ்வூரார் இதை ஜூபிலி என்கிறார்கள். அங்கே கணக்கில் வருவது பலத்த காற்று அல்ல, இலேசான காற்று. மோதுகரை அல்ல, காற்று புறப்படும் கரை. மீன் எங்கே சேரும் என்பதை அடிநீரின் நிலையும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

கழிமுகத்துக்கு வெளியே, கரைக்கு இணையாக ஒரு நாளுக்கு மேல் வீசும் காற்றும் உள்ளே தன் விளைவை அனுப்பும். சுவீடனைச் சேர்ந்த வாகன் எக்மன் 1905இல் விளக்கியபடி, புவியின் சுழற்சியால் மேல்நீரின் மொத்த நகர்வு காற்றின் திசைக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் விலகுகிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். வட அரைக்கோளத்தில் அது வலப்பக்கம், தென் அரைக்கோளத்தில் இடப்பக்கம். அந்தப் பக்கம் கடல் இருந்தால் கரையோர நீர் விலகி, குளிர்ந்த அடிநீர் மேலெழுந்து ஓதத்தோடு முகத்துவாரத்துக்குள் வரும்; நிலம் இருந்தால் இளஞ்சூடான மேல்நீர் கரையில் குவியும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் இந்த விலகல் மங்கிவிடும். கையில் ஒரு வெப்பமானி இருந்தால், முகத்துவாரத்து நீர் திடீரெனக் குளிர்ந்ததைக் கண்டு கழிமுகத்தின் உட்பகுதிக்கு நகர்ந்துவிடலாம்.

ஏழாம் படி: தூண்டிலைக் காற்றுக்கு ஏற்ப அமையுங்கள்

பக்கக் காற்றில் தூண்டில் நரம்பு வில்லாக வளைந்து, கடி கைக்குத் தெரியாமல் போகும். மெல்லிய பின்னல் நரம்பு காற்றுக்குக் குறைவாகவே அகப்படும். கோலை உயரத் தூக்காமல் பக்கவாட்டில் தாழ்வாக வீசுங்கள். இரை நீரைத் தொடும் கணத்தில் ரீலிலிருந்து நரம்பு ஓடுவதை விரலால் தடுத்து, கோல்நுனியை உடனே நீர்மட்டத்துக்கு அருகில் இறக்குங்கள்.

தக்கை போட்டுப் பிடிப்பவர்களுக்குக் காற்று கூடுதல் சிக்கல் தரும். தக்கையைக் காற்று ஒரு பக்கம் இழுக்க, அடியில் இரையை ஓதம் மறுபக்கம் கொண்டுபோனால், இரை இயல்பற்று இழுபட்டு மீனின் ஐயத்தைக் கிளப்பும். தக்கைக்குக் கீழே ஈயத்தைக் கூட்டி, நுனி மட்டும் வெளியே தெரியும்படி ஆழ்த்துங்கள். வீசியவுடன் கோல்நுனியை நீருக்குள் அமிழ்த்தி இரண்டு மூன்று சுற்று வேகமாகச் சுற்றினால், நரம்பு நீருக்கடியில் போய்க் காற்றின் பிடியிலிருந்து விடுபடும்.

வீச்சுவலைக்காரர் காற்றை முதுகில் வாங்கி வீச வேண்டும். எதிர்க்காற்றில் வலை விரியாமல் மடங்கி விழும்.

எட்டாம் படி: படகில் போவதானால்

கரையிலிருந்து கடல்நோக்கி வீசும் காற்று, நிற்கும் இடத்தில் நீரை அமைதியாகக் காட்டும். கரையை விட்டு விலக விலகத்தான் அலையும் காற்றும் வளர்வது தெரியும்; அதற்குள் துடுப்புப் படகு திரும்ப முடியாத தூரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். துடுப்புப் படகிலும் சிறு மோட்டார் படகிலும் முதலில் காற்றை எதிர்த்துச் சென்று, திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கி வருவதையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

முகத்துவாரத்தின் மணல்திட்டைக் கடக்கக் கூடாத நேரம் ஒன்று உண்டு: ஓதம் பலமாக வடிந்து வெளியேறும்போது கடற்காற்று எதிரே வீசும் நேரம். ஆழம் குறைந்துகொண்டே போக, எதிரோட்டத்தில் அலை செங்குத்தாக எழுந்து திட்டின்மேல் உடையும். உள்ளிருந்து பார்ப்பவருக்கு அலைகளின் முதுகுதான் தெரியும் என்பதால் அவற்றின் உயரம் சிறிதாகத் தோன்றும். ஓதம் திரும்பும் வரை, அல்லது நீர் ஏறத் தொடங்கும் வரை உள்ளேயே காத்திருங்கள்.

நங்கூரத்தைப் படகின் முன்புறத்திலிருந்து மட்டும் இடுங்கள்; பின்புறத்திலிருந்து இட்டால் ஓட்டமும் அலையும் தாழ்ந்த பின்பக்கத்தின் வழியே நீரை உள்ளே ஏற்றிவிடும். கயிற்றின் நீளம் ஆழத்தைப் போல் குறைந்தது 5 மடங்கும், காற்று கூடினால் 7 மடங்கும் இருக்க வேண்டும். காற்றும் ஓதமும் எதிரெதிரானால் படகு எந்தப் பக்கமும் நிலைகொள்ளாமல் சுற்றி, நரம்பை அடியில் சிக்கவைக்கும். அப்போது இடம் மாறுவதே மேல். உயிர்காப்பு அங்கியைப் படகில் வைத்திருந்தால் போதாது, உடலில் அணிந்திருக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள்

இதுவரை சொன்னவை பொது இயக்கங்கள். உங்கள் கழிமுகத்தில் அவற்றுள் எது வலுவாக வேலைசெய்கிறது என்பதை உங்கள் குறிப்புகள்தாம் காட்டும். ஒவ்வொரு முறையும் காற்றின் திசையையும் போஃபர்ட் எண்ணையும், அது எப்போதிருந்து வீசுகிறது என்பதையும், ஓதத்தின் நிலையையும், நீங்கள் நின்ற கரையையும், பாதம் தெரிந்ததா என்ற அளவில் நீரின் தெளிவையும், மீன் கடித்த நேரத்தையும் எழுதுங்கள். மீன் கிடைக்காத நாளையும் விடாமல் எழுதுங்கள். அந்த நாள்கள் இல்லாத குறிப்பேட்டில் எல்லாக் காற்றும் நல்ல காற்றாகவே தெரியும். அட்டவணை சொன்ன நீர்மட்டத்துக்கும் கண்ணால் கண்ட நீர்மட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை, ஒரு பாலத்தூணிலோ படிக்கட்டிலோ ஒரே குறியை வைத்து அளந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு, சுமார் 15 நாள் இடைவெளியில் உள்ள குறிப்புகளை எடுத்து இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓத நேரம் ஏறத்தாழ ஒன்றாகவும் காற்று மட்டும் வேறாகவும் இருக்கும் இரண்டு நாள்கள் கிடைத்தால், மீன் கடித்த கரையும் நேரமும் மாறியதற்குக் காற்றே காரணமா என்பதை அவற்றிலிருந்து படிக்கத் தொடங்கலாம்.